முதல் எழுத்தின் கீழே ஒரு கூரை

அத்தியாயம் ஏழு

அன்று காலை ரேடியோவுக்கு ஒரு பதவி கிடைத்தது. வேடிக்கை பார்க்கும் பதவி.

பெரிய மருத்துவமனை ஒன்றின் அடித்தளம், ஜன்னல் இல்லாத அறை. சுவரில் ஏசி தொண்டை கட்டியதுபோல் இரைந்துகொண்டிருந்தது. அதன் கீழே ஆளுயர இரும்பு அலமாரி, அலமாரிக்குள் பச்சை விளக்குகள் சிமிட்டும் தட்டைப் பெட்டி, பெட்டியிலிருந்து கொத்துக் கொத்தாக நீல வயர்கள். அந்தப் பெட்டிக்கு சுவிட்ச் என்று பெயர் சொன்னதும், இதைப் போட்டால் எந்த விளக்கு எரியும் என்று கேட்டுத் தன் அறிவை எடுத்த எடுப்பிலேயே அம்பலப்படுத்திக்கொண்டிருந்தான் ரேடியோ.

"இது அந்த சுவிட்ச் இல்லை சார்," என்றாள் அந்தப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் மருத்துவமனைப் பொறியாளர். "இங்க இருக்கிற ஒவ்வொரு கம்ப்யூட்டரும், போனும், நோயாளி பக்கத்துல வெச்சிருக்கிற மானிட்டரும் இது வழியாத்தான் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும்."

"எங்க மாமியார் மாதிரி. வீட்டுல எந்தப் பேச்சும் அவங்க வழியாத்தான் போகும்."

பொறியாளருக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சிரித்து ஒரு வாரம் ஆகியிருக்கும்.

ரேடியோவின் சொந்தப் பெயர் வேறு. வாய் ஓயாததால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நாற்பது வயதைக் கடந்தும் உதிரவில்லை. அவன் பக்கத்தில் கைகட்டி நின்ற அவனுடைய முதலாளியம்மாவுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். மூக்குக் கண்ணாடி அவ்வளவு தடிமன். துப்பறியும் தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் அந்தப் பெயர் தெரியும். நேரில் சொல்லத்தான் ஆளில்லை.

ரேடியோவுக்குக் கொடுத்த லாகின் மிகக் கீழான படியைச் சேர்ந்தது. பெட்டிக்குள் நுழைகிறவர்களுக்கு ஒன்றிலிருந்து பதினைந்து வரை படிகள் உண்டு என்று பொறியாளர் விளக்கியிருந்தாள். ஒன்றாம் படியில் இருப்பவன் பார்க்கலாம், எதையும் தொட முடியாது. பதினைந்தாம் படியில் இருப்பவன் எதை வேண்டுமானாலும் செய்யலாம். யார் எந்தக் கட்டளையைப் பயன்படுத்தலாம் என்பதைக்கூட அவனே மாற்றலாம். பதினைந்தாம் படியின் பாஸ்வேர்டு பொறியாளரிடம் இருந்தது. இன்னொரு பிரதி முத்திரை வைத்த உறையில் நிர்வாக அதிகாரியின் பெட்டகத்தில் இருந்தது. நேற்றுதான் பூதக்கண்ணாடி அதை வாங்கிப் பார்த்தார். முத்திரை உடையவில்லை.

"பார்க்கலாம், தொடக்கூடாது," என்று ரேடியோ தலையாட்டினான். "பழகின வாழ்க்கைதான்."

வேடிக்கையாகத்தான் சொன்னான். ஆனால் இந்த வழக்கில் அவனுக்கு உள்ளுக்குள் ஒன்றுமே பிடிபடவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது.

போன வாரம் ஒரு பிற்பகல். மூன்றாம் மாடி வார்டில் படுத்திருந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவருக்கு நெஞ்சு படபடத்தது. தலைமாட்டு மானிட்டர் அலாரம் அனுப்பியது. அது செவிலியர் மேஜைக்குப் போய்ச் சேரவில்லை, வழியில் லைன் அறுந்திருந்தது. யாரோ தற்செயலாக எட்டிப் பார்த்தபோது நேரம் கடந்திருந்தது. உயிர் தங்கியது, பேச்சு போய்விட்டது.

லைன் அறுவது அதிசயமில்லை. பிளக் தளர்ந்தால் அறும். அறுந்தால் உடனே கண்டுபிடித்து வார்டுக்குப் போன் செய்யத்தான் அடித்தளத்தில் ஓர் ஆளை ஒன்றாம் படி லாகினோடு உட்கார வைத்திருந்தார்கள். அன்று உட்கார்ந்திருந்தவன் பொறியாளரின் தம்பி. அவன் போன் செய்யவில்லை. கைபேசியில் மூழ்கியிருந்தான் என்றது நிர்வாகம். திரையில் ஒன்றுமே தெரியவில்லை என்றான் தம்பி. வந்து பார்த்தவர்களுக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ஏனென்றால் அதற்குள் பொறியாளர் ஓடி வந்து, பிளக்கை அழுத்திச் செருகி, பெட்டியையே ரீஸ்டார்ட் செய்திருந்தாள்.

இன்று மாலை விசாரணைக் குழு கூடுகிறது. தம்பியின் அலட்சியம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் வேலை போகும். அதோடு விடாமல் போலீசுக்கும் போகும். தம்பியைக் காப்பாற்றச் சொல்லித்தான் அக்கா துப்பறிவாளரைத் தேடி வந்தாள். கேபிள் போட்ட கான்ட்ராக்டர் மேல் நேற்றுவரை ஒரு சந்தேகம் இருந்தது. அந்த ஆள் அன்று ஊரிலேயே இல்லை என்று தெரிந்ததும் அதுவும் புஸ்ஸென்று போனது. மிச்சமிருந்தது ஒரே ஒரு நூல், தம்பியின் வாய்.

தம்பி பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். இடைநீக்கம் செய்யப்பட்டவன் உள்ளே வரக்கூடாது என்று உத்தரவு. வீட்டிலும் இருப்புக் கொள்ளவில்லை, அதனால் படிக்கட்டு. ஷேவ் செய்யாத முகம், தூக்கம் காணாத கண்கள். அவர்கள் நெருங்கும்போது மேலேயிருந்து இறங்கி வந்த ஒரு செவிலியர் அவனைப் பார்த்ததும் சட்டென்று நின்று, வந்த வழியே திரும்பிப் போனதை ரேடியோ கவனித்தான். வேலை போனவன் நிழலைக்கூட மிதிக்க மாட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டான்.

"முதல்லேர்ந்து சொல்லுப்பா," என்றார் பூதக்கண்ணாடி. "லைன் எல்லாம் உயிரோட இருக்கான்னு பார்க்க என்ன டைப் பண்ணுவே?"

"'ஷோ இன்டர்ஃபேஸ்' மேடம். பார்க்கிற கமாண்டு எல்லாமே 'ஷோ'ன்னுதான் ஆரம்பிக்கும்."

"அன்னைக்கு ஷோ ஹவுஸ்ஃபுல்லா?" என்று ஆரம்பித்த ரேடியோ, முதலாளியம்மாவின் பார்வை பட்டதும் ஒலியைக் குறைத்துக்கொண்டான்.

டைப் செய்ததும் அந்தக் கட்டளை தனக்குப் புரியவில்லை என்று பெட்டி பதில் சொன்னதாம். எழுத்துப் பிழை என்று நினைத்து மறுபடி அடித்தானாம். மறுபடியும் புரியவில்லை. கீபோர்டில் கோளாறோ என்று பக்கத்து மேஜைக் கீபோர்டைப் பிடுங்கி வந்து மாட்டினானாம். ஒவ்வோர் எழுத்தாக, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி, ஒற்றை விரலால் அடித்தானாம். அக்காவுக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. அவள் நிர்வாக அதிகாரியின் அறையில் கூட்டத்தில் இருந்தாள், போன் ஒலியடங்கிக் கிடந்தது.

"உனக்கு உரிமை இல்லை, தொடாதேன்னு சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும் மேடம். யாரையாவது போய்க் கூப்பிட்டிருப்பேன். அது அப்படிச் சொல்லலை. நான் பேசுறது புரியலைன்னு சொல்லுச்சு. என்மேலதான் தப்புன்னு நினைச்சு நான் திரும்பத் திரும்ப அடிச்சிட்டே இருந்தேன்."

அவன் புறங்கையால் கண்ணைத் துடைத்தான். ரேடியோ என்ன செய்வதென்று தெரியாமல், கைக்குட்டைக்காகச் சட்டைப் பையைத் தடவினான். அதில் ஒன்றுமில்லை.

"புரியலைன்னு சொல்லும்போது கூடவே ஏதாவது காட்டுமா?"

"ஒரு சின்னக் குறி காட்டும். கூரை மாதிரி. எந்த இடத்துல அதுக்குப் புரியாமப் போச்சோ அந்த எழுத்துக்குக் கீழ வந்து நிக்கும்."

"அன்னைக்கு எங்க நின்னுது?"

தம்பி யோசிக்கவே இல்லை. "முதல் எழுத்துக்குக் கீழ. 'ஷோ'வுக்கு அடியில. ஒவ்வொரு தடவையும் அங்கேயேதான்."

பூதக்கண்ணாடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதலாளியம்மா கண்ணாடியைத் துடைத்தால் எங்கேயோ எவனோ மாட்டிக்கொண்டான் என்று அர்த்தம்.

"இன்னொண்ணு. லைன் பார்க்கிறதைத் தவிர அதுல வேற எதையாவது பார்ப்பியா?"

தம்பியின் காது மடல் சிவந்தது. சும்மா எப்போதாவது, வேலை கற்றுக்கொள்ள, என்று மென்று விழுங்கினான். பூதக்கண்ணாடி அதற்கு மேல் தோண்டவில்லை. எழுந்து நடக்க ஆரம்பித்தார்.

திரும்பும் வழியில் மூன்றாம் மாடியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பஸ் டிரைவர் படுத்திருந்தார். மனைவி அவர் வாயருகே காதை வைத்துக்கொண்டிருந்தார். டிரைவர் எதையோ சொல்ல முயன்றார். மனைவி நிமிர்ந்து, புரியலைங்க என்று உதடசைத்தார். டிரைவர் மறுபடி முயன்றார். ரேடியோ முகத்தைத் திருப்பிக்கொண்டான். நாள் முழுக்கப் பேசியே பிழைக்கிற தன் வாய்மேல் அவனுக்கு அந்த நிமிஷம் வெட்கமாக இருந்தது.

அடித்தளத்துக்கு வந்ததும், உதிரியாக வைத்திருந்த இன்னொரு சுவிட்ச் பெட்டியை இயக்கச் சொன்னார் பூதக்கண்ணாடி. பொறியாளர் இரண்டு கணினிகளை அதனோடு இணைத்தாள். ஒன்றில் ரேடியோ, ஒன்றாம் படி. இன்னொன்றில் அவள், பதினைந்து.

"ரேடியோ, 'ஷோ'வைச் சரியா அடி. அடுத்த வார்த்தையைத் தப்பா அடி."

தப்பாக அடிப்பதில் அவனுக்கு இயல்பான திறமை இருந்தது. கூரைக் குறி இரண்டாம் வார்த்தையின் கீழ் வந்து நின்றது.

"இப்ப 'ஷோ'வையே தப்பா அடி."

குறி முதல் வார்த்தைக்கு ஓடி வந்தது.

"பையன் ஒவ்வோர் எழுத்தாச் சொல்லி அடிச்சிருக்கான். ஒரு தடவை தப்பலாம், பத்துத் தடவை தப்ப முடியாது. பொய் சொல்றவனா இருந்தா குறி கடைசி வார்த்தையில நின்னுச்சுன்னு சொல்லியிருப்பான். நீளமான வார்த்தையில தப்புறதுதானே நம்புற மாதிரி இருக்கும்? சரிம்மா, தனக்கு உரிமையில்லாத கமாண்டை ஒருத்தர் அடிச்சா பெட்டி என்ன சொல்லும்?"

பொறியாளர் மெதுவாகச் சொன்னாள். "இதேதான் மேடம். உரிமை இல்லைன்னு சொல்லாது. அப்படி ஒரு கமாண்டே இல்லாத மாதிரி, புரியலைன்னுதான் சொல்லும்."

"எங்க ஆபீஸ்ல சம்பள உயர்வு கேட்டா வர்ற பதில்," என்றான் ரேடியோ.

"அப்ப அன்னைக்கு 'ஷோ'ங்கிற வார்த்தையையே அவன்கிட்டேயிருந்து யாரோ பிடுங்கியிருக்காங்க."

ரேடியோவுக்கு மூளையில் பல்பு எரிந்தது. பதினைந்தாம் படி இரண்டே இடத்தில்தான். அப்படியானால் நிர்வாக அதிகாரிதான். முத்திரை உறையை நீராவியில் காட்டிப் பிரித்து மறுபடி ஒட்டியிருப்பான், கிராதகன். இதை அவன் உரக்கச் சொல்லி முடிக்கும் முன்பே பொறியாளர் குறுக்கிட்டாள். 'ஷோ' முழுவதையும் யாரும் பூட்ட மாட்டார்கள், அதில் எவனுக்கும் லாபமில்லை, அது பைத்தியக்காரத்தனம் என்றாள்.

"சரி. முழுசா வேண்டாம்," என்றார் பூதக்கண்ணாடி. "ஒரே ஒரு கமாண்டு. எந்தப் போன், எந்தக் கம்ப்யூட்டர் எந்த வயர்ல தொங்குதுன்னு காட்டுமே, அதுக்கு என்ன பேரு?"

பொறியாளரின் முகத்தில் ஏதோ ஒன்று மாறியது. "'ஷோ மேக் அட்ரஸ்'."

"மேக்கப் ஷோவா?" என்றான் ரேடியோ. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"அதை மட்டும் பதினஞ்சாம் படிக்கு ஏத்தும்மா. நீங்க வழக்கமா எப்படிச் செய்வீங்களோ அப்படியே."

பொறியாளர் ஒரு வரி அடித்தாள். கை பழகிய வேகத்தில் அடித்தது. அதை ரேடியோ பார்த்தான்.

"இப்ப நீ அடி ரேடியோ. தம்பி அடிச்சதையே. 'ஷோ இன்டர்ஃபேஸ்'."

அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம், பூட்டியது மேக்கப்பை அல்லவா என்று முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வோர் எழுத்தாக அடித்தான். புரியவில்லை என்றது பெட்டி. எழுத்துகளைச் சரிபார்த்தான், சரியாகத்தான் இருந்தன. மறுபடி அடித்தான். மறுபடியும் அதே பதில். இன்னொரு தடவை அடித்தான். தன் காது சூடாவது அவனுக்கே தெரிந்தது. தான் முட்டாள் என்று இந்த இரும்புப் பெட்டி நினைப்பதாக ஒரு கோபமும், அது உண்மையாக இருக்குமோ என்று ஒரு பயமும் சேர்ந்து வந்தன. கூரைக் குறி முதல் எழுத்தின் கீழேயே உட்கார்ந்திருந்தது.

அவன் கீபோர்டை விட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

"நீளமான கமாண்டோட வாலைப் பூட்டினா, தலையும் சேர்ந்து பூட்டிக்குது," என்றார் பூதக்கண்ணாடி. "தலை 'ஷோ'. அது போனா 'ஷோ'ன்னு ஆரம்பிக்கிற எல்லாமே போச்சு. தலையைத் தனியா கீழேயே இருத்தணும்னு இன்னொரு வரி அடிச்சிருக்கணும். மேல இருக்கிறவங்களுக்கு எல்லாம் எப்பவும்போலத் தெரியும். கீழ உட்கார்ந்திருக்கிறவனுக்கு மட்டும் கண் போயிடும்."

பொறியாளர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உறையை யாரும் பிரிக்கலை. நீங்கதான்ம்மா செஞ்சீங்க. ஆனா என்ன செஞ்சோம்னு இந்த நிமிஷம் வரைக்கும் உங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டீங்க."

பிறகு அவள் பேசினாள், துண்டு துண்டாக.

மூன்றாம் மாடிச் செவிலியர் ஒருத்தி, படிக்கட்டில் தம்பியைக் கண்டு திரும்பிப் போனவளாகத்தான் இருக்கும், வந்து சொன்னாளாம். உங்க தம்பி நான் எந்த மாடிக்குப் போனாலும் அங்க வந்து நிக்கிறார் அக்கா, எப்படித் தெரியுதுன்னே தெரியலை, பயமா இருக்கு என்று. எப்படித் தெரிகிறது என்று அக்காவுக்கு உடனே தெரிந்துவிட்டது. அந்தப் பெண் கையோடு கொண்டுபோகும் வார்டு போன் எந்த மாடி வயர் வழியாகப் பேசுகிறது என்று 'ஷோ மேக்' கட்டளை காட்டிக்கொடுத்திருக்கிறது. தம்பியைக் கூப்பிட்டுக் கேட்க அவளுக்குக் கூச்சம். அப்பா இல்லாத வீடு, அவள் தூக்கி வளர்த்தவன், அவளே சிபாரிசு செய்து வேலைக்குச் சேர்த்தவன். மேலே சொன்னால் அவன் பெயர் கெடும். ஒரு வரி அடித்தால் தீர்ந்தது, யாருக்கும் தெரியாமல், யாரையும் புண்படுத்தாமல். அடித்துவிட்டுக் கூட்டத்துக்குப் போய்விட்டாள்.

"சோதிச்சுப் பார்த்தேன் மேடம். ஒன்றாம் படியில நுழைஞ்சு 'ஷோ மேக்' அடிச்சேன். புரியலைன்னு வந்துச்சு. அதுதானே எனக்கு வேணும்? போதும்னு எழுந்துட்டேன். குறி எங்க நின்னுச்சுன்னு பார்க்கலை. கடைசி வார்த்தையில நின்னிருக்கணும். முதல் எழுத்துல நின்னிருக்கு. கண்ணுக்கு எதிர்லதான் இருந்துச்சு. நான் பார்க்கலை."

அந்த வரியை அவள் சேவ் செய்திருக்கவில்லை, பிறகு செய்துகொள்ளலாம் என்று விட்டிருந்தாள். பெட்டியை ரீஸ்டார்ட் செய்ததும் அது அழிந்து, தம்பிக்குக் கண் திரும்ப வந்துவிட்டது. சாட்சி சொல்ல ஒரு தடயமும் மிஞ்சவில்லை.

"அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்றாள். அப்புறம் அழுதாள். ரேடியோ எழுந்து தண்ணீர் கொண்டுவந்தான். அவனுடைய படியில் இருப்பவனால் அவ்வளவுதான் முடியும்.

மாலை விசாரணை அறையில் நீள மேஜை. நடுவில் குழுத் தலைவர், நரைத்த தலை, மூத்த மருத்துவர். பக்கத்தில் நிர்வாக அதிகாரி. எதிரே தம்பி, இரவல் சட்டையில். பூதக்கண்ணாடியும் ரேடியோவும் சுவரோரம் உட்கார அனுமதி கிடைத்தது. பேச அனுமதி இல்லை.

பொறியாளர் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். படிகளை, வாலை, தலையை, கூரைக் குறியை. செவிலியரைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. தேவையில்லாத பூட்டு, என் முட்டாள்தனம் என்று முடித்துக்கொண்டாள். உதிரிப் பெட்டியைக் கொண்டுவந்து செய்தும் காட்டினாள். தலைவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"இப்படி நடக்க முடியும்னு காட்டினீங்க. நடந்ததுன்னு எங்கேம்மா காட்டினீங்க?"

"செஞ்சவ நானே சொல்றேன் சார்."

"நீங்க அவருக்கு அக்கா."

அவள் மறுபடி ஆரம்பித்தாள். இந்த முறை மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, தம்பி அன்று ஒற்றை விரலால் அடித்த மாதிரி. தலைவர் நிர்வாக அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி உதட்டைப் பிதுக்கினார்.

"இந்த டெக்னிகல் சமாசாரமெல்லாம் எங்களுக்குப் புரியலைம்மா. உட்காருங்க."

அவள் உட்காரவில்லை. மூன்றாம் முறையாக முதலிலிருந்து தொடங்கினாள். ரேடியோ சுவரோரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். இருபது வருஷமாக வாயால் பிழைத்தவனுக்கு அந்த அறையில் சொல்வதற்கு ஒரு சொல்கூட இல்லை. பக்கத்தில் பூதக்கண்ணாடி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார், துடைக்கவில்லை. கண்டுபிடித்ததெல்லாம் கையில் இருந்தது. அதை வைத்து எதையும் மாற்ற முடியவில்லை.

தம்பிதான் எழுந்தான். மேஜையைச் சுற்றி வந்து அக்காவின் கையைப் பிடித்தான். அவன் கண்களில் நன்றி பொங்கியது. அதைப் பார்க்கத்தான் ரேடியோவால் முடியவில்லை.

"போதும்க்கா. நான்தான் ஏதோ தப்பா அடிச்சிருக்கேன். எனக்காகப் பொய் சொல்லாதே."